நிழலைப் பார்த்துத் திரும்பிய குழந்தை

அன்புத் தோழிக்கு,

நேற்று மதியம் அலுவலகத்துக்குப் புதிய பெட்டி ஒன்று வந்தது. டேப்பை அறுத்து மூடியைத் திறந்ததும் புது மரமும் சாயமும் கலந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே பத்து மரக்கட்டைகள், ஒரு சிவப்பு நூல்பந்து, கிலுகிலுப்பை, படப்புத்தகம், கைப்பிடி வைத்த ஒரு கப். நாம் தூக்கிக்கொண்டு அலைந்த அதே சாமான்கள்தான், பளபளப்பு மட்டும் புதிது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கச்சிராயபாளையத்தில் உன் வீட்டு அடுப்பும் அதன்மேல் கொதித்துக்கொண்டிருந்த அலுமினியப் பாத்திரமும் நினைவுக்கு வந்துவிட்டன. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து மேசைப் பெண் என்னவென்று கேட்டாள். சொன்னால் அவளுக்குப் பாதிதான் புரியும். முழுக்கப் புரிகிற ஒரே ஆளுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு குழந்தையும் தொட்ட பிறகு கட்டைகளை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும் என்று நம் ஆய்வுக் கையேட்டில் இருந்தது. உனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எந்தக் குழந்தையும் கட்டையைக் கையில் வாங்கியதும் முதலில் வாயில்தான் வைக்கும் என்பது உன் அனுபவம். அதனால் ஒரு சனிக்கிழமை பத்துக் கட்டைகளையும் வீட்டுக்கு எடுத்துப்போய் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டாய். திங்கட்கிழமை நீ கொண்டுவந்தபோது சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் ஒன்றாகிக் கத்தரிக்காய் வெளுத்த மாதிரி ஒரு நிறத்தில் இருந்தன. நிறம் கேட்கும் கேள்வியை அந்த மாதம் யாரிடமும் கேட்க முடியவில்லை. ஆய்வை நடத்தும் மேடம் கோபமாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நீ கொஞ்சமும் அசரவில்லை.

"புள்ளைங்க வாயில வெக்கிற சாமான் மேடம். இந்தச் சாயம் என் சட்டியோட போவட்டும், அதுங்க வயித்துக்குப் போவ வேணாம்" என்றாய்.

மேடம் அடுத்த வாரம் சாயம் போகாத கட்டைகளை வரவழைத்தார்கள். இதோ, இந்தப் பெட்டியில் இருப்பவையும் அந்த வகைதான். நேற்று ஒன்றை எடுத்து வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். சாயம் போகவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாம் முதலில் சந்தித்தது கள்ளக்குறிச்சியில், பயிற்சி நடந்த அந்த மாடி அறையில். வெளிநாட்டில் உருவான ஒரு கேள்வித்தாளை வைத்து, ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் என்னென்ன செய்கிறார்கள், பேசுகிறார்கள், புரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்துக் குறிக்கும் வேலை. குழந்தை செய்தால் ஒன்று, செய்யாவிட்டால் பூஜ்யம். பணக்கார நாட்டுக் குழந்தைகளுக்காகத் தயாரானது நம் போன்ற நாடுகளின் குழந்தைகளுக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் எங்கே மாற்ற வேண்டும் என்பதுதான் ஆய்வு. நான் உளவியலில் முதுகலை முடித்துச் சின்னசேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். நீ பன்னிரண்டாவது முடித்து, அங்கன்வாடியில் ஆறு வருஷம் உதவியாளராக இருந்து, குத்தகைக்குக் கரும்பு போடும் கணவரையும் இரண்டு பையன்களையும் சமாளித்துவிட்டு வந்தவள். என்னைவிட நான்கு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றேன். அக்கா என்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன் என்று முதல் நாளே சொல்லி, பெயரைச் சொல்லிக் கூப்பிட வைத்தாய்.

இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருத்தி குழந்தையோடு விளையாட, இருவரும் தனித்தனித் தாளில் குறிக்க வேண்டும். ஒருத்தி தாளை ஒருத்தி பார்க்கக் கூடாது. கடைசியில் ஒப்பிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பயிற்சியில் நம் தாள்கள் மட்டும் மாமியார் மருமகள் மாதிரி இருந்தன. கையேட்டில் மூன்று நொடி என்றால் நான் மூன்று நொடிதான் பொறுப்பேன். நீ குழந்தை சிரித்து முடிக்கும்வரை பொறுப்பாய். நம்மை மட்டும் இரண்டு நாள் கூடுதலாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிறகு மலைக்கு அனுப்பினார்கள். நான் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறுவேன். கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்பதற்குள் நீ ஜன்னல் வழியாக நீலப் பெட்டியை என் மடியில் தள்ளிவிடுவாய். நீ ஏறுவதற்குள் பெட்டி உனக்கு இடம் பிடித்துவிடும். முதல் கொண்டை ஊசி வளைவு வரும்போது உன் இட்லிப் பொட்டலம் பிரியும். வளைவில் சாப்பிட்டால் வாந்தி வரும் என்று நான் பயந்துகொண்டிருப்பேன். வளைவில்தான் பசிக்கிறது என்பாய்.

மலையில் கேள்வித்தாள் தடுக்கித் தடுக்கி விழுந்தது. 'படிக்கட்டில் ஏறுகிறதா?' என்று ஒரு கேள்வி. நாம் போன ஊர்களில் படிக்கட்டு உள்ள வீடே இல்லை. பாறை மேல் ஏறி ஆட்டுக்குட்டியை இழுத்துவரும் குழந்தைக்குப் பூஜ்யம் போட என் பேனா தயங்கியது. 'கப்பில் சிந்தாமல் குடிக்கிறதா?' அந்த வீடுகளில் இரண்டரை வயசுப் பிள்ளை சொம்பை உதட்டில் படாமல் தூக்கி அண்ணாந்து குடித்தது. படப்புத்தகத்தில் காது நிறைய முடி வைத்த ஒரு சீமை நாய் இருந்தது. எல்லாக் குழந்தைகளும் அதை ஆடு என்றன. ஒரே ஒரு பையன் மட்டும் சாமியார் என்றான். நீ சிரித்த சிரிப்பில் அந்தப் பையன் பயந்து அம்மாவின் முந்தானைக்குள் போய்விட, மறுநாள் திரும்பவும் போக வேண்டியதாயிற்று.

மாதம் ஒருமுறை மற்ற நாட்டுக் குழுக்களோடு வீடியோவில் பேசுவோம். மலாவியிலிருந்து கிரேஸ் என்று ஒரு பெண் பேசுவாள், நினைவிருக்கிறதா? அவளும் நம்மைப் போலப் பெட்டி தூக்குகிறவள். அவர்கள் ஊரில் பெரியவர்கள் கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்குவதுதான் மரியாதையாம். ஒரு கையில் கட்டை இருக்கும்போது இன்னொரு கட்டையை நீட்டினால், இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் குழந்தை வாங்குமாம். 'கைக்கு ஒன்றாக இரண்டு கட்டைகளைப் பிடிக்கிறதா?' என்ற கேள்வியில் எல்லாக் குழந்தைகளும் பூஜ்யம். அதை மேடம் தமிழில் சொன்னதும் நீ எழுந்து நின்று, நம் ஊரில் குழந்தை இடது கையை நீட்டினால் அம்மா எப்படிப் படக்கென்று தட்டிவிடுவாள் என்று நடித்துக் காட்டினாய். கிரேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். உனக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. அன்றிலிருந்து மேடம் வருவதற்கு முன்னாலேயே நீங்கள் இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

இதையெல்லாம் பார்த்து நான் மாறினேன். குழந்தை ஒன்றைச் செய்யவில்லை என்றால் அது குழந்தையின் குறை அல்ல, கேள்வியின் குறை என்று தோன்ற ஆரம்பித்தது. தாளின் ஓரத்தில் 'பண்பாட்டு வேறுபாடு' என்று எழுதுவேன். மேடம் அதைப் பாராட்டினார்கள். நான் எழுதிய குறிப்பை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு அது ருசித்துவிட்டது. போகப் போக அந்த இரண்டு சொல்லையும் யோசிக்காமலே எழுதினேன்.

அப்போதுதான் கோபிகாவைப் பார்த்தோம்.

வெள்ளிமலையைத் தாண்டி, ஜீப் நின்ற இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். கோபிகாவுக்கு இரண்டரை வயது. அம்மா அலமேலுவுக்கு இருபத்திரண்டு இருக்கும். அப்பா மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருந்தார். வாசலில் மரவள்ளித் தோலைக் குவித்து வைத்துக் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு அடுக்கியது. சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டியது. அத்தனைக்கும் ஒன்று. பேச்சுக்கு வந்தபோது மட்டும் வாய் திறக்கவில்லை. அம்மா என்பதைத் தவிர வேறு சொல்லே வருவதில்லை என்றாள் அலமேலு. அவர்கள் சனத்தில் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள், தானும் மூன்று வயதுக்குமேல்தான் பேசியதாகச் சொன்னாள்.

பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டும் சோதனையை நான் செய்தேன். கோபிகா உடனே திரும்பிப் பார்த்தாள். காது நன்றாக இருக்கிறது என்று ஒன்று போட்டேன். பேச்சுக்குப் பூஜ்யம் போட்டு ஓரத்தில் என் வழக்கமான இரண்டு சொற்களையும் எழுதினேன். புது ஆட்களிடம் கூச்சம், பெரியவர்கள் குழந்தைகளிடம் அதிகம் பேசாத வழக்கம் என்று விளக்கமும் சேர்த்தேன். நல்ல குறிப்பாக எழுதிவிட்ட திருப்தி எனக்கு.

வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து தாள்களை ஒப்பிட்டோம். கிலுகிலுப்பைக்கு நீ பூஜ்யம் போட்டிருந்தாய். நான் சிரித்துக்கொண்டே, கண் எங்கே போயிற்று, குழந்தை திரும்பியதே என்றேன்.

"திரும்புச்சி. ஆனா சத்தத்துக்கு இல்ல" என்றாய். "வெய்யிலு உன் முதுவுல அடிச்சிது. நீ கையத் தூக்குனதும் உன் நெழலு அது முன்னால உழுந்துச்சி. நெழலப் பாத்துத் திரும்புச்சிடி."

அப்படியெல்லாம் இருக்காது என்றேன். தட்டு விழுந்தால் திரும்புகிறாள் என்று அலமேலுவே சொன்னாளே என்றேன். மலைக்குழந்தைகளைக் கீழ்நாட்டு அளவுகோலால் அளக்கக் கூடாது என்று உனக்கே வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். நீ கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"மலையில பொறந்தா காது கேக்க வேணாமா? படி இல்ல, சரி. கப்பு இல்ல, சரி. காது இல்லன்னு எந்த ஊருல வழக்கம் இருக்குது? நீ மரியாதன்னு நெனச்சிக்கினு அந்தப் புள்ளைய உட்டுட்டு வர."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பன்னிரண்டாவது படித்தவள் எனக்குச் சொல்லித்தருகிறாளே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இதை உன்னிடம் நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், மன்னித்துக்கொள். பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கச்சிராயபாளையத்தில் இறங்கும்போது, ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போகிறேன், வந்தால் வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய்.

அது லேசான காரியம் இல்லை. குழந்தைக்கு இது வரவில்லை, அது வரவில்லை என்று பெற்றோரிடம் நாம் சொல்லக் கூடாது என்பது ஆய்வின் விதி. கேள்வித்தாளே சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை நம்பி யாரையும் பயமுறுத்தக் கூடாது என்பதற்காகப் போட்ட நியாயமான விதிதான். மீறியவர்கள் வேலையை விட்டுப் போக வேண்டும். அது உனக்கும் தெரியும். உன் வீட்டில் அந்த வருஷம் கரும்பு சரியில்லை என்பது எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் உனக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். பெட்டி இல்லை, பைதான். நீ ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி இட்லியைப் பிரித்தாய்.

அலமேலு நம்மைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். பெண்ணுக்கு மார்க் கம்மியாகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாள். மார்க் எல்லாம் எங்கள் பெட்டிக்குத்தான், உன் பெண்ணுக்கு இல்லை என்று நீ சொன்னாய். பிறகு காதைப் பற்றி மெதுவாக எடுத்தாய். அவள் முகம் இறுகிவிட்டது. அப்படி ஒரு பேச்சு ஊரில் பரவினால் பெண்ணுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும், நாளைக்கு யார் கட்டுவார்கள் என்றாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். நீ என் கையை அழுத்தி நிறுத்தினாய். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் வெயில் படாத இடமாகப் பார்த்துக் கோபிகாவை உட்கார வைத்தாய். பின்னால் ஐந்தடி தள்ளி அலமேலுவை நிற்க வைத்து, இரகசியம் சொல்கிற மாதிரி மெதுவாகப் பெயரைக் கூப்பிடச் சொன்னாய்.

அவள் கூப்பிட்டாள். குழந்தை மரவள்ளித் தோலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கூப்பிடும்போது அலமேலுவின் குரல் தானாகவே பெரிதாகிவிட்டது. கோபிகா திரும்பி, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

அலமேலு அப்படியே மரத்தில் சாய்ந்துகொண்டாள். "நான் எப்பவும் கத்தித்தான் கூப்புடுவேன்" என்றாள். "இங்க எல்லாரும் இந்தக் கொல்லைலேர்ந்து அந்தக் கொல்லைக்குக் கத்தித்தான் பேசிக்குவோம். அதான் தெரியாமயே போயிட்ச்சி."

மரவள்ளி பிடுங்கி லாரியில் ஏற்றிய பிறகு, டாக்டரிடம் காட்டக் கீழே வருகிறேன் என்றாள். நாம் திங்கட்கிழமை மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னோம். நாம் என்பது மரியாதைக்கு. சொன்னது நீ, பக்கத்தில் நின்றது நான். மேடம், நீ நினைத்தது தப்பாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். தப்பாக இருந்தால் டாக்டர் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார், சரியாக இருந்து நாம் சொல்லாமல் வந்திருந்தால் என்ன செய்வது என்று நீ திருப்பிக் கேட்டாய். மேடம் உன்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸிலிருந்து அலமேலு குழந்தையோடு உன் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். வழியெல்லாம் வாந்தி எடுத்து இருவரும் வாடிய கீரை மாதிரி இருந்தார்கள். நீ ரசம் சோறு கொடுத்துக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துவந்தாய். காது டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். அடிக்கடி சளி பிடித்துப் பிடித்து, இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கோத்திருந்தது. தண்ணீருக்குள் தலையை வைத்துக் கேட்பது போலத்தான் அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும் என்றார். சரிசெய்யக்கூடியது என்றும் சொன்னார். முதலில் மருந்து. அது போதாதபோது சேலத்தில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. கேரளாவிலிருந்து அப்பாவும் வந்து சேர்ந்தார். நாம் இருவரும் லீவு போட்டுக்கொண்டு போனோம்.

சேலத்திலிருந்து திரும்பும் நாளை நான் மறக்கவே மாட்டேன். பஸ் நிலையத்தில் ஒரு பஸ் நம் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது. கோபிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதாள். அலமேலு பதறிப்போய் வாரி எடுத்தாள். நீ அந்த டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டாய்.

"அழுவட்டும் உடு. இதுக்குத்தான இம்மாந் தூரம் வந்தோம்" என்றாய். உன் கண் நிறைந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

நான்கு மாதம் கழித்து அந்த ஊருக்கு அடுத்த சுற்றுக்குப் போனோம். தூரத்தில் பலா மரத்தடியில் நின்ற கோபிகா நம்மைப் பார்த்ததும் ஓடிவந்தாள். உன்னிடம் வந்து நின்று, உன்னையும் உன் கையையும் மாறி மாறிப் பார்த்து, "பொட்டி" என்றாள். தெளிவாக, அதிகாரமாக. நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ நின்ற இடத்திலேயே பையைத் திறந்து, தாளை எடுத்து, பொருளின் பெயரைச் சொல்கிறதா என்ற கட்டத்தில் ஒன்று போட்டுவிட்டுத்தான் பெட்டியைக் கீழே இறக்கினாய். ஊருக்குள் போகும் முன்னாலேயே குறித்த தாள் நம் ஆய்வில் அது ஒன்றுதான்.

அந்த மாத வீடியோக் கூட்டத்தில் நிழல் கதையை நீயே சொன்னாய். எழுந்து நின்று கையைத் தூக்கிக் காட்டினாய். கிரேஸ் அன்று சிரிக்கவில்லை. அவள் ஊரிலும் வெயிலுக்குக் குறைவில்லை. தன் பழைய தாள்களைப் புரட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். அடுத்த மாதம், இரண்டு குழந்தைகளைத் திரும்பப் போய்ப் பார்த்ததாகவும் ஒருத்திக்கு ஒரு காது கேட்கவில்லை என்று தெரிந்ததாகவும் சொன்னாள். கையேட்டின் புதிய பதிப்பில் சத்தச் சோதனையை நிழலில்தான் செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில், சந்தேகம் வந்தால் மேடத்தின் ஒப்புதலோடு பெற்றோரிடம் கொடுக்க வேண்டிய மருத்துவமனைச் சீட்டும் சேர்ந்திருக்கிறது. உன் பெயர் எங்கும் இல்லை. கிரேஸின் பெயரும் இல்லை. எத்தனையோ மொழியில் அந்த வரி போகிறது என்று மேடம் சொன்னார்கள்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. மஞ்சள் காமாலை என்றார்கள், மூன்று வாரம் என்றார்கள், முடிந்துவிட்டது. நான் வந்து பார்த்தபோதுகூட, ஆஸ்பத்திரிப் படுக்கையில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த கைக்குழந்தை எத்தனை மாதத்தில் குப்புற விழுந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தாய். அன்று கிளம்பும்போது இவ்வளவு சீக்கிரம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். சேதி சொன்னதும் மலாவியில் கிரேஸ் கேமராவை அணைத்துவிட்டாள். அடுத்த கூட்டத்தில், நீ ஆட்டுகிற மாதிரியே இரண்டு கையையும் ஆட்டி எனக்கு வணக்கம் சொன்னாள். உன் பெரியவன் டிப்ளமா சேர்ந்துவிட்டான். சின்னவன் உன்னைப் போலவே வளைவில் சாப்பிடுகிறான்.

கோபிகாவைப் போன மாதம் பார்த்தேன். வெள்ளிமலையில் ஒன்றாம் வகுப்பு. ஆசிரியை என்னிடம் ஒரு புகார் சொன்னார்: வாயை மூடுவதே இல்லை, பக்கத்துப் பிள்ளையைப் பாடம் கவனிக்க விடுவதில்லை. அலமேலு பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். வெளியே வந்ததும் நீ இருந்திருந்தால் அந்த ஆசிரியைக்கும் ஒரு கும்பிடு போட்டிருப்பாய் என்றாள்.

நான் இப்போது புதிய பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். 'பண்பாட்டு வேறுபாடு' என்று இன்னும் எழுதுகிறேன். எழுத வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் எழுதும் முன்னால் எழுந்து குழந்தையின் முன்புறம் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். இன்னொன்றும் செய்கிறேன். எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு கேள்வி உன்னிடம் இருந்தது. பெட்டியைத் திறக்கும் முன்னால், பேனாவை எடுக்கும் முன்னால், இந்த வாரம் புதிதாக என்ன செய்தது என்று அம்மாவிடம் கேட்பாய். நேரம் வீணாகிறது என்று நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது அதைக் கேட்காமல் எனக்கு வேலை ஓடுவதில்லை.

போன வியாழக்கிழமை கோமுகி அணைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு. கரும்பு வெட்டிவிட்டு வந்து அப்போதுதான் கை கழுவிய ஒரு பெண், மடியில் பத்து மாதப் பையன். உன் கேள்வியைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"நான் இருமுனா இவனும் இருமுறாங்க. சளி இல்ல, ஒண்ணியும் இல்ல. சும்மா, என்ன நக்கல் பண்றதுக்கு" என்றாள்.

நம்பாத மாதிரி பார்த்தேன். அவள் நிரூபிப்பதற்காக ஒருமுறை இருமினாள். பையன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு பெரிய மனிதன் மாதிரி தொண்டையைச் செருமி இரண்டு தடவை இருமினான். கூட வந்த புதுப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதற்கு எந்தக் கட்டத்தில் ஒன்று போடுவது என்று கேட்டாள். தாள் முழுக்கத் தேடினோம். அப்படி ஒரு கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதி வைத்துக்கொள் என்றேன்.